வரி கேட்காத வீடுகள்

புயல் வலுத்துவிட்டது என்று செய்தியில் சொல்வதற்கு முன்பே புன்னைக்குப்பத்தில் படகுகளெல்லாம் மேட்டுக்கு ஏறிவிட்டன. விடிந்ததிலிருந்து தள்ளி, இழுத்து, கயிறு போட்டுக் கட்டிவிட்டு, ஊரில் பாதி ஆண்கள் அருள்முருகன் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காசிலிங்கம். ஊர்ப் பஞ்சாயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். பங்கு பிரிப்பது, திருவிழாவுக்கு வரி தண்டுவது, புருஷன் பெண்டாட்டி சண்டையை விலக்குவது எல்லாம் அவர் தலையில்தான். இத்தனைக்கும் ஒரு துண்டுச் சீட்டு வைத்துக்கொள்ளமாட்டார். ஊரின் தலைக்கட்டு முழுவதையும் தெரு வாரியாக, வீட்டு வரிசையில், மூச்சு விடாமல் ஒப்பிப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. சும்மா சொல்லக்கூடாது, கர்வப்படத்தக்க விஷயம்தான்.

அந்தக் கர்வத்துக்கு அன்றைக்குக் காலையிலேயே சோதனை வந்தது. ஸ்கூட்டியில் வந்து இறங்கியது சோதனை. பெயர் சங்கவி. இந்தப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் வருவாய்த் துறைப் பெண்.

"ஐயா, மதியம் பஸ் வருது. எல்லாரையும் மெயின் ரோட்டு ஸ்கூலுக்குக் கொண்டுபோயிடணும். சாப்பாடு சொல்லணும். உங்க ஊர்ல மொத்தம் எத்தன பேரு?"

"நூத்திப் பதினெட்டு" என்றார் காசிலிங்கம், கண்ணை இமைக்காமல்.

சங்கவி நிமிர்ந்து தெருவைப் பார்த்தாள். மூன்று தெரு நிறைய வீடுகள். எதிர்வீட்டு வாசலில் மட்டும் சின்னதும் பெரிசுமாக ஒன்பது பத்துப் பேர் நின்று இவளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நூத்திப் பதினெட்டு பேர்தானா?"

"தலைக்கட்டும்மா. கல்யாணம் ஆன ஆம்பள ஒருத்தன் ஒரு தலைக்கட்டு. கோயிலுக்கு வரி குடுப்பான், ஊர்ப் பங்கு வாங்கிக்குவான்."

"அது சரிங்கய்யா. ஜனங்க எத்தன பேரு? பொம்பளைங்க, பசங்க எல்லாம் சேத்து."

காசிலிங்கம் தாடையைச் சொறிந்தார். அவர் வயதில் இதுவரைக்கும் யாரும் அவரை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "ஒரு ஐநூறு இருக்கும்" என்றார்.

"ஐநூறா? எங்க தெருவே முந்நூறு தேறும்" என்றான் டீ ஆற்றிக்கொண்டிருந்த அருள்முருகன்.

"குவைத்துக்குப் போனவனச் சேக்கறதா, வேணாமா?" என்றான் நாகராஜ். பஞ்சாயத்தில் அவனும் ஒரு ஆள்.

"மாசமா இருக்கறவள ஒண்ணா எண்ணறதா, ரெண்டா?" என்று யாரோ கேட்க, கடையே சிரித்தது. சங்கவிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பாவம், அவளுக்கு இன்னும் வடக்குச் சந்து பாக்கி இருந்தது.

புதுச்சேரியிலிருந்து வடக்கே போனால், கனகசெட்டிக்குளத்தை ஒட்டினாற்போல் இருக்கிறது இந்தக் குப்பம். கிழக்கே கடல், மேற்கே சவுக்குத் தோப்பு, தெற்கே வாய்க்கால். இந்த மூன்று பக்கத்திலும் குழப்பம் கிடையாது. வடக்கேதான் வில்லங்கம். அங்கே ஒரு சந்து. சந்தின் தென்வரிசை வீடுகள் புதுச்சேரி, வடவரிசை வீடுகள் தமிழ்நாடு. எதிரெதிர் வாசலில் கோலம் போடுகிற இரண்டு பெண்கள் இரண்டு மாநிலத்தில் குனிந்துகொண்டிருப்பார்கள். இங்கே கரண்ட் போனால் அங்கே ஃபேன் சுற்றும். முன்பெல்லாம் வடவரிசையில் வெறும் மணல்தான். கடல் உள்ளே வந்து கரையோரத் தெரு ஒன்றைக் கொண்டுபோன பிறகு, வீடு இழந்தவர்கள் இடம் கிடைத்த பக்கம் போய் ஷீட்டு போட்டுக்கொண்டார்கள். ஆள் அந்தப் பக்கம், ரேஷன் கார்டு இந்தப் பக்கம், கங்கையம்மன் மட்டும் எல்லாருக்கும் ஒன்று.

"சந்துக்கு அந்தாண்ட இருக்கற வீடுங்க எங்க கணக்குல வராதுங்கய்யா" என்றாள் சங்கவி. "அவங்களுக்கு அவங்க பஸ் வரும்."

"அவங்களும் எங்க ஜனம்தாம்மா. கார்டு பாதிப் பேருக்கு உங்களுதுதான்."

"அப்ப அவங்க எந்தப் பஸ்ல ஏறணும்?"

காசிலிங்கம் அருள்முருகனைப் பார்த்தார், அருள்முருகன் நாகராஜைப் பார்த்தான், நாகராஜ் கடலைப் பார்த்தான். கடைசியில், "ஏதோ ஒண்ணுல ஏறிக்குவாங்க" என்று காசிலிங்கம் முடித்துவைத்தார். தப்பு அங்கேதான் தொடங்கியது. ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை.

மதியம் பஸ்கள் வந்து கோயில் முன்னால் நின்றன. மழை பிடித்துக்கொண்டது. முண்டியடித்து ஏறினால் கைகால் முறியும் என்று காசிலிங்கம் பஸ் வாசலில் நின்று, திருவிழாப் பங்கு கொடுக்கிறபோது செய்வதுபோலவே பெயர் கூப்பிட ஆரம்பித்தார். அவர் கூப்பிட, அந்தந்த வீட்டு ஆம்பளை "இருக்கேன்" என்று குரல் கொடுத்து முன்னால் வர, அவன் பின்னால் பெண்டாட்டி, பிள்ளைகள், ஆடு, குக்கர் எல்லாம் ஏறின. ஒரு தள்ளுமுள்ளு இல்லை. சங்கவியே அசந்துபோனாள். "சூப்பர்ங்கய்யா" என்று சொல்லவும் செய்தாள்.

பெயர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது லைட் கம்பத்துக்குப் பக்கத்தில் தன் தங்கை சொர்ணம் நிற்பதைக் காசிலிங்கம் பார்த்தார். கையில் ஒரு பை, பக்கத்தில் பத்தாவது படிக்கிற மகள் சத்யப்பிரியா. அவர்கள் பின்னால் இன்னும் சில பெண்கள். சொர்ணத்தின் புருஷன் கலியபெருமாள் மூன்று வருஷத்துக்கு முன் கடலில் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் பெயர் தலைக்கட்டிலிருந்து விழுந்துவிட்டது. அவள் இப்போது சந்துக்கு வடக்கே குடியிருக்கிறாள். அந்தப்பக்கத்து பஸ்ஸுக்கு நிற்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு காசிலிங்கம் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். மழை கண்ணில் அடித்தது, பின்னால் டிரைவர் ஹாரன் அடித்தான். அதற்குமேல் அவர் நினைக்கவில்லை.

மெயின் ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் வகுப்பு வகுப்பாக உட்காரவைத்த பிறகு சங்கவி போனும் கையுமாக வந்தாள். "மேல கேக்கறாங்கய்யா. எல்லாரும் வந்துட்டாங்களா?"

"ஒரு தலைக்கட்டு பாக்கி இல்லம்மா."

"புன்னைக்குப்பம் முழுசா காலி சார்" என்று அவள் போனில் சொன்னதைக் காசிலிங்கமும் கேட்டார். கேட்டதும் நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை ஜனத்தைக் கொண்டுவந்து சேர்த்தாயிற்று, ஒரு குழந்தைக்குக்கூடச் சிராய்ப்பு இல்லை. ஒரு டீ கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

டீக்குப் பதிலாக அவர் பெண்டாட்டி அஞ்சலாட்சி வந்தாள். கையில் சாப்பாட்டுப் பொட்டலம் இரண்டு. "இந்தாய்யா, சொர்ணத்துக்கும் பொண்ணுக்கும் எடுத்து வெச்சேன். எந்த ரூம்ல இருக்கறாங்க?"

"அவ அந்தப்பக்கத்து வண்டில போயிருப்பா."

"அந்தப்பக்கத்து ஜனமும் இங்கதான வந்துருக்குது. மாடில கெடக்கறாங்க. அங்க பாத்துட்டுத்தான் வர்றேன். இல்ல."

"சரியாப் பாரு."

"நான் என்னா குருடா?"

காசிலிங்கம் தானே மாடிக்குப் போனார். வடவரிசைக்காரர்கள் சிலர் அங்கே இருந்தார்கள். சொர்ணம் இல்லை. "சொர்ணமா? அது உங்க பஸ்ல ஏறலியா?" என்றான் ஒருவன். "எங்க வண்டிக்கிட்ட வந்துச்சி. கார்டு எதுன்னு கேட்டாங்க. புதுச்சேரி கார்டுன்னு சொல்லிச்சி. அப்ப உங்க வண்டி அங்க நிக்குது பாருன்னு கைகாட்டி உட்டாங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கீழே வந்து ஒவ்வொரு வகுப்பாக எட்டிப் பார்த்தார். சொர்ணத்துக்குப் போன் போட்டார், லைன் போகவில்லை. நடைவழியில் நின்று மனசுக்குள் தலைக்கட்டை முதலிலிருந்து ஒப்பித்தார். முதல் தெரு, இரண்டாம் தெரு, மூன்றாம் தெரு. ஒவ்வொரு பெயருக்கும் முகம் இருந்தது, அந்த முகம் இந்தக் கட்டடத்தில் இருந்தது. கணக்கு சரி. ஒன்றும் குறையவில்லை. அப்புறம் எப்படி என் தங்கை இல்லை? மறுபடியும் ஒப்பித்தார். மறுபடியும் சரியாகவே வந்தது. கணக்குத் தப்பாக வந்திருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாசலை நோக்கி ஓடினார்.

வெளியே ஜாகிர் தன் லோடு வண்டிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான். விடியற்காலையில் குப்பத்துப் பெண்களை மீன் கூடையோடு பெரிய மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போகிறவன் அவன்தான். இன்றைக்கு ஜனங்களின் சாமான்களை ஏற்றி வந்திருந்தான்.

"ஜாகிர் பாய், சொர்ணத்த ஏத்திக்கிட்டு வந்தியா?"

"இல்லண்ணா. உங்க தங்கச்சியாச்சே, நீங்க பஸ்ல ஏத்தியிருப்பீங்கன்னு இருந்துட்டேன்."

காசிலிங்கம் அப்படியே மழையில் நின்றார். ஊர் அவரை நம்பியது, அவர் சந்துக்கு அந்தப்பக்கத்தை நம்பினார், அந்தப்பக்கம் கார்டை நம்பியது. நடுவில் இரண்டு உயிர் காற்றிலும் கடலிலும் கிடக்கிறது. இதில் யாரைப் போய்க் குற்றம் சொல்வது? ஒருத்தரும் கெட்டது நினைக்கவில்லை. அதுதான் இந்த மாதிரி விஷயங்களில் இருக்கிற கொடுமை.

"வண்டிய எடு பாய்" என்றார்.

சங்கவி ஓடிவந்து மறித்தாள். "ஐயா, காத்து ஏறிட்டே இருக்குது. இப்ப யாரையும் உள்ள விட முடியாது. ஊரே காலின்னு நான் சொல்லிட்டேன்."

"நான்தாம்மா அப்பிடிச் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். எந்தங்கச்சி உள்ள இருக்கறா."

மேலே ஒரு போன் போட்டு ஏதோ கெஞ்சினாள். பிறகு, "போங்க. இருட்டறதுக்குள்ள திரும்பிடுங்க" என்றாள்.

சவுக்குத் தோப்பு வரைக்கும்தான் வண்டி போனது. அதற்கு மேல் மரம் விழுந்து கிடந்தது. இரண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் நடந்தார்கள். காலையில் டீ குடித்த கடையின் கீற்று காணாமல் போயிருந்தது. சந்து எது, சாக்கடை எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீராக இருந்தது. பிறந்து வளர்ந்த ஊரில் காசிலிங்கத்துக்கு வழி தப்பியது. மின்கம்பத்தைப் பார்த்து, இது புதுச்சேரிக் கம்பமா, தமிழ்நாட்டுக் கம்பமா என்று குழம்பி, ஒரு திருப்பம் தள்ளிப் போய்த் திரும்பி வந்தார்கள். சொர்ணத்தின் வீட்டுக்குக் கூரை இல்லை. ஷீட்டு பறந்து எதிர்வீட்டுச் சுவரில் செருகி நின்றது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மிதந்தது.

"சொர்ணம்" என்று கத்தினார். காற்று அந்தச் சத்தத்தை அவர் வாயிலேயே திருப்பி அடைத்தது. நான்தான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தார். கூடப் பிறந்தவளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அடுத்த பெயரைக் கூப்பிட்ட பாவி நான். அழுகை வந்துவிட்டது. ஜாகிர் அவர் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"அண்ணா, கோயிலப் பாருங்க. செல் லைட்டு அடிக்கறாங்க."

கங்கையம்மன் கோயில் மேட்டில் இருப்பதால் மண்டபத்துக்குள் இன்னும் தண்ணீர் ஏறவில்லை. மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். சொர்ணம், சத்யப்பிரியா. அவர்களை ஒட்டிக் கருவாடு விற்கும் கார்குழலி, அவள் புருஷன் இன்னொருத்தியோடு போய் ஆறு வருஷம் ஆகிறது. அவள் இரண்டு பிள்ளைகள். கல்யாணமே செய்துகொள்ளாமல் தையல் மெஷினும் தானுமாக இருக்கும் கலைமகள். காசிலிங்கம் தன் தங்கையைத் தேடி வந்தார். அங்கே இருந்ததோ ஒரு சின்ன ஊர்.

சத்யப்பிரியா, "மாமா" என்று வந்து கட்டிக்கொண்டாள். சொர்ணம் எழுந்திருக்கவில்லை.

"பஸ்ல ஏற வேண்டியதுதானம்மா. அங்கதான நின்ன" என்றார் காசிலிங்கம்.

"நீ கூப்பிடுவேன்னு நின்னேன். கடசி வரைக்கும் நின்னேன். கூப்பிடல."

"கூப்பிடாட்டி என்னா? ஏறிக்க வேண்டியதுதான."

"போன வருசம் நிவாரண அரிசி வந்துச்சே, அப்ப ஏறி நின்னேனே. ஞாபகம் இருக்குதா? தலைக்கட்டுக்குத்தான்மா, நீ வீட்டுக்கு வா நான் தர்றேன்னு அத்தன பேர் எதிர்ல சொன்ன. அப்பறம் உன் பங்குலேர்ந்து அளந்து குடுத்த. வாங்கிக்கிட்டுப் போயி ராத்திரி பூரா அழுதேன். இன்னிக்கு வண்டில ஏறி, எறங்குன்னு ஒருத்தன் சொல்லிட்டா, பெத்த பொண்ணு எதிர்ல எம்மூஞ்சிய எங்கண்ணா வெச்சிக்குவேன்?"

அந்த அரிசியைத் தன் பங்கிலிருந்து கொடுத்ததை இத்தனை நாளாகக் காசிலிங்கம் தான் செய்த நல்ல காரியங்களில் ஒன்றாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது அது என்னவென்று அவருக்கே தெரியவில்லை.

"பெரியவரே," என்றாள் கார்குழலி, "எங்களுக்கும் சேத்து வந்தீங்களா, உங்க தங்கச்சிக்கு மட்டும் வந்தீங்களா?"

பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "தங்கச்சிக்குத்தாம்மா வந்தேன். நீங்களும் ஏறாம இங்க மாட்டிக்கிட்டது எனக்குத் தெரியாது" என்றார். தலையைக் குனிந்துகொண்டு, கார்குழலியின் சின்னப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பெரியதை ஜாகிர் தூக்கிக்கொண்டான். சேலை முந்தானைகளை முடிபோட்டுக் கோத்துக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் பிடித்தபடி, எல்லாரும் தோப்பு வரைக்கும் நடந்தார்கள். அவர்கள் வண்டியில் ஏறிய கொஞ்ச நேரத்தில் பின்னால் பெரிய சத்தம் கேட்டது. மண்டபம்தானா, வேறு ஏதாவதா என்று திரும்பிப் பார்க்க யாருக்கும் தெம்பில்லை.

பள்ளிக்கூடத்தில் அவர்கள் வந்து இறங்கியபோது ஜனம் நடைவழியில் திரண்டுவிட்டது. அஞ்சலாட்சி ஓடிவந்து ஈரத்தோடு நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். கூட்டத்தில் பாதிப் பேர் முகத்தில் சந்தோஷம், பாதிப் பேர் முகத்தில் திருதிரு என்ற முழிப்பு. நாம் எல்லாரும்தானே அங்கே இருந்தோம், எப்படி இவர்களைப் பார்க்காமல் வந்தோம் என்று ஒருத்தருக்கும் விளங்கவில்லை.

நாகராஜ்தான் முதலில் வாயைத் திறந்தான். "அண்ணன் மேல தப்பு இல்ல. வழக்கம்னு ஒண்ணு இருக்குதில்ல. ஊர் வரி குடுக்கற வீட்டத்தான பேர் சொல்லிக் கூப்பிட முடியும். வரி குடுக்காத வீட்ட எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடறது?"

சொர்ணம் துண்டால் மகளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். துவட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்.

"எங்கிட்ட ஒரு தடவையாவது வரி கேட்டியா நாகராஜு? அவரு கடல்ல போன வருசம் தெருவுல தண்டிக்கிட்டே வந்தீங்க. காச எடுத்து முந்தானைல முடிஞ்சிக்கிட்டு வாசல்ல நின்னேன். ஆம்பள இல்லாத வீடு, பாவம், விட்டுடுங்கன்னு எங்கண்ணன் சொன்னாரு. தாண்டிப் பூட்டீங்க. விடியறதுக்கு முன்னால கூடையத் தூக்கறேன். வண்டி வாடகை குடுக்கறேன், பொண்ணுக்குப் பீஸ் கட்டறேன். கோயில் வரி குடுக்க என்னால முடியாதா? பாவம்னு நீங்க வரிய மட்டும் விடல. எங்களயும் சேத்து விட்டுட்டீங்க."

நாகராஜ் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

சங்கவி தயங்கித் தயங்கிக் காசிலிங்கத்தின் பக்கம் வந்தாள். "ஐயா, மேல திருத்திச் சொல்லணும். இப்ப மொத்தம் எத்தன பேருங்கய்யா?"

காலையில் அதே கேள்விக்குக் கண்ணை இமைக்காமல் பதில் சொன்ன மனிதர் இப்போது நடைவழியில் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தெரியலம்மா. சத்தியமா எனக்குத் தெரியல. வரி குடுக்கற ஆம்பளைய எண்ணிட்டு ஊரையே எண்ணிட்டதா இருந்துட்டேன். புருசன் செத்த வீடு, ஓடிப்போன வீடு, கல்யாணம் ஆகாதவ வீடு, சந்துக்கு அந்தாண்ட இருக்கற வீடு, எல்லாத்துலயும் ஆள் இருக்குது. இனிமே ஆம்பள இல்லாத வீடுன்னு எவனும் பாவம் பாத்துத் தாண்டிப் போவக்கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடணும், அந்தப் பொம்பளையோட பேரச் சொல்லி. எந்த மாநிலத்துக் கணக்கா இருந்தாலும் சரி, எங்க ஊர்க் கணக்கா இருந்தாலும் சரி, ஒரு உசுரு விட்டுப்போச்சின்னா அது கணக்கே இல்ல. வாம்மா, ஒவ்வொரு ரூமாப் போயி எண்ணிட்டு அப்பறம் சொல்லுவோம்."